லட்டும் துரும்பும்

மேடையில் பேசவேண்டியதை மேடையிலேயே பேசிவிடுகிறவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு அந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை. பேசவேண்டிய இடத்தில் நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் புரண்டு, மறுநாள் காகிதத்தில் கொட்டித் தீர்ப்பது என் சுபாவம். இந்தக் கட்டுரையும் அப்படிக் கொட்டியதுதான்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. தலைமை வகிக்க என்னை அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய பெரியவர் ஊருக்கு நாலு நல்ல காரியம் செய்கிறவர். பேச்சும் நன்றாகவே இருந்தது. முடிக்கும்போது இப்படிச் சொன்னார்: "இந்தக் காலத்தில் பாட்டிமார் கதை சொல்வதில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அந்த வேலையை டெலிவிஷன் எடுத்துக்கொண்டுவிட்டது. அமெரிக்கப் பூனையும் எலியும் ஓடிப்பிடித்தது போதும். இப்போது நம்முடைய பீமன் வந்துவிட்டான். நம் குழந்தைகள் நம் மகாபாரதத்தைப் பார்க்கிறார்கள்!"

கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்து எழுந்து கல்வியின் அவசியத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கைதட்டிய அந்தக் கையால்தான் இப்போது எழுதுகிறேன்.

பெரியவர் சொன்ன பீமன் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை மகன், ஏழு வயதுக்காரன், எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தான். அவனோடு உட்கார்ந்து நானும் 'சோட்டா பீம்' பார்த்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதம் முழுவதும். அத்தியாயம் எழுதவேண்டிய நேரத்தில் பொம்மைப் படம் பார்க்கிறாரே என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் இன்னொருவர் கதையைப் பார்ப்பதும் தொழில்தான் என்று சமாதானம் சொன்னேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2008ஆம் ஆண்டில் போகோ சானலில் இந்தத் தொடர் ஆரம்பமானபோது, நம் குழந்தைகள் பார்த்த பொம்மைப் படங்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. அதற்கு முந்தின ஆண்டு, 2007இல், குழந்தைகளுக்கென்றே தமிழில் சுட்டி டி.வி. வந்தது, அங்கும் வெளிநாட்டுப் பாத்திரங்களே தமிழ் பேசினார்கள். அந்த நிலையில், ஹைதராபாத்தில் க்ரீன் கோல்ட் என்ற ஸ்தாபனத்தை நடத்தும் ராஜீவ் சிலகா, வேட்டி கட்டிய ஒரு பையனை, லட்டு தின்னும் ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தி, அத்தனை வெளிநாட்டுச் சூரர்களையும் ஓரங்கட்டினார். சாதாரணக் காரியமல்ல அது. 2019இல் அதே பீமன் தவழும் குழந்தையாகி, ஒரு வார்த்தை பேசாமல், நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகத்துக் குழந்தைகளையெல்லாம் சிரிக்கவைத்தான். கைத்திறமையை நான் குறை சொல்லவில்லை.

பெற்றோர்கள் வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டுகளும் என்னுடையவை அல்ல. சண்டை அதிகம் என்பார்கள். சண்டையில்லாத பாரதம் உண்டா? தித்திப்பு தின்னச் சொல்லிக்கொடுக்கிறது என்பார்கள்; எங்கள் தெருப் பிள்ளையார் அதைவிட அதிகமாகவே சொல்லிக்கொடுக்கிறார். என் வழக்கு வேறு. கதை என்கிற முறையில் அதைக் கூண்டில் ஏற்றுகிறேன்.

கதை என்ன? எந்த நாளின் கதை என்று நான் குறிப்பிடப் போவதில்லை. நான் பார்த்த மாயாஜாலக் கதைகளில் முக்கால்வாசியும் ஒரே அச்சில் வார்த்தவை. டோலக்பூர் என்று ஓர் ஊர். இந்திரவர்மா என்று ஒரு ராஜா. ஊருக்கு ஓர் ஆபத்து வருகிறது; ராட்சசன் வரலாம், மந்திரவாதி வரலாம், வேஷம் போட்ட திருடன் வரலாம். ராஜா கையைப் பிசைந்துகொண்டு பீமனைக் கூப்பிடுகிறார். காலியா என்ற பருத்த பையன், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மார்தட்டிவிட்டு முதல் அடியிலேயே ஓடுகிறான். பீமன் மோதுகிறான், விழுகிறான். அந்தச் சமயத்தில் சுட்கி என்ற சிறுமி ஒரு லட்டை வீசுகிறாள். லட்டு வாயில் விழுகிறது, புஜம் புடைக்கிறது, ராட்சசன் வானத்தில் பறக்கிறான். ராஜா பாராட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ஒரு நாள் பீமன் தரையில் விழுந்து கிடந்தான். ராட்சசன் காலைத் தூக்கி மிதிக்கப் போனான். பின்னணியில் மேளம் பிரமாதமாக முழங்கியது. நான் என்னை அறியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன் போலிருக்கிறது. என் மருமகன் கண்ணைத் திருப்பாமலே என் முழங்காலைத் தட்டிச் சொன்னான்: "பயப்படாதீங்க மாமா. லட்டு வரும்."

லட்டு வந்தது.

என் ஆட்சேபணை முழுவதும் அந்தக் குழந்தையின் வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது. பயப்பட வேண்டாம் என்று ஏழு வயதுக் குழந்தைக்கு முன்கூட்டியே தெரிந்துபோன கதையில் என்ன கதை இருக்கிறது? தைரியம் என்பது பயத்தின் பிள்ளை. பயமே இல்லாத இடத்தில் தைரியத்துக்கு வேலை இல்லை. பீமன் தைரியசாலி என்று பாட்டு சொல்கிறது, பாத்திரம் சொல்லவில்லை. அவன் எதையும் இழக்கவில்லை, எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஒரு ராத்திரிகூடத் தூங்காமல் விழித்திருக்கவில்லை. பலம் வெளியிலிருந்து வீசப்படுகிறது. அவன் வாயைத் திறந்தால் போதும். இந்த யுக்தியும் புதிதல்ல. 1929இல் அமெரிக்கச் சித்திரக் கதையில் பிறந்த பாப்பாய் என்ற மாலுமி கீரையைத் தின்றுவிட்டு இதையேதான் செய்தான். கீரைக்குப் பதில் லட்டு வைத்தால் பாரதம் ஆகிவிடுமா?

பாரதத்தில் பீமன் எப்படிச் சாப்பிட்டான் என்பது பெரியவருக்கும் தெரியும். தெரிந்தும் மறந்துபோயிருக்கலாம். ஆகவே நினைவுபடுத்துகிறேன்.

அரக்கு மாளிகையிலிருந்து தப்பிய பாண்டவர்கள் ஏகசக்கரம் என்ற ஊரில் ஓர் ஏழைப் பிராமணன் வீட்டில் ஒளிந்து வாழ்கிறார்கள். பிச்சை எடுத்து வந்ததைக் குந்தி இரண்டாகப் பங்கிடுகிறாள். ஒரு பாதி பீமனுக்கு; மறுபாதி மற்ற நால்வருக்கும் அவளுக்கும். பீமன் தின்னும் ஒவ்வொரு கவளமும் சகோதரர்களின் பசியிலிருந்து வருகிறது. ஒரு நாள் அந்த வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறது. ஊருக்கு வெளியே பகாசுரன் இருக்கிறான். முறை வைத்து ஒவ்வொரு வீடும் அவனுக்கு ஒரு வண்டிச் சோறும், இரண்டு எருமைகளும், அவற்றை ஓட்டிச் செல்லும் ஓர் ஆளும் அனுப்பவேண்டும். எல்லாம் அவனுக்கு ஆகாரம், ஆளும் சேர்த்துத்தான். இன்று இந்த வீட்டின் முறை.

வியாசர் உடனே பீமனை அனுப்பிவிடவில்லை. அந்தக் குடும்பத்தைப் பேசவிடுகிறார். நான் போகிறேன் என்கிறான் தகப்பன். நீங்கள் போனால் குழந்தைகளை யார் காப்பாற்றுவார்கள், நான் போகிறேன் என்கிறாள் தாய். எப்படியும் ஒரு நாள் இந்த வீட்டைவிட்டுப் போகவேண்டியவள்தானே, நான் போகிறேன் என்கிறாள் மகள். நாட்டைக் காக்கத் தெரியாத அரசனைப் பற்றி அந்தத் தகப்பன் மனம் நொந்து பேசுகிறான். டோலக்பூர் ராஜா ஒன்பது வயதுப் பையனைக் கூப்பிட்டுப் போருக்கு அனுப்புவது அந்த ஊரில் நித்திய வழக்கம். அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை. ஏகசக்கரத்திலோ அரசனின் கையாலாகாத்தனம் ஒரு குடும்பத்தின் வயிற்றெரிச்சலாக வெளியே வருகிறது.

இத்தனைக்கும் பிறகுதான் குந்தி, 'எனக்கு ஐந்து பிள்ளைகள். ஒருவனை அனுப்புகிறேன்' என்கிறாள். தர்மன் அதைக் கேட்டுத் தாயோடு வாதாடுகிறான். அந்த வாதத்தையும் தாண்டி, ஒரு வண்டிச் சோற்றோடு பீமன் புறப்படுகிறான். காட்டில் உட்கார்ந்து அசுரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சோற்றைத் தின்கிறான். முதுகில் குத்து விழுகிறது. திரும்பிப் பார்க்காமல் தின்கிறான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இது. சிரிப்புக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. அவன் தின்பது ஒரு வீட்டின் சாவுச் சோறு. அந்தச் சோற்றுக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

லட்டுக்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை.

இதெல்லாம் படித்தவர்கள் விவகாரம், குழந்தைக்குப் புரியுமா என்று கேட்பீர்கள். புரிந்தவர்களில் நானும் ஒருவன். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். பாரதத்தை அங்கே படிக்கவில்லை. இந்தச் செங்கல்பட்டு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பகாசுரன் கதை நடக்கும் நாளில் பீமன் வேஷக்காரர் மாட்டுவண்டியில் சோற்றோடு ஊர்வலம் வருவார். எட்டு வயதில் அந்த வண்டிக்குப் பின்னால் நான் ஓடியிருக்கிறேன். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் தொடையைப் பிளப்பான். திரௌபதி கூந்தலை முடிவாள். அத்தோடு முடிந்தது என்று குழந்தைகள் கூச்சல் போடும்போது, விழுந்து கிடப்பவனுக்காக ஒப்பாரி எழும். கெட்டவன் செத்ததற்கு எதற்காக அழுகிறார்கள் என்று என் பாட்டியைக் கேட்டேன். "அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானேடா" என்றாள். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. ஆனால் மனத்தில் தைத்தது. அது இன்றும் எடுபடவில்லை என்பதால்தான் நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றுகூட நினைப்பதுண்டு.

இனி காலியாவுக்கு வருகிறேன். என் கோபம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

காலியா பெருந்தீனிக்காரன், ஜம்பக்காரன், பொறாமைக்காரன், பயந்தாங்கொள்ளி. சில கதைகளில் பீமனுக்கு உதவவும் செய்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அவன் ஏன் பொறாமைப்படுகிறான் என்று, நான் பார்த்த வரையில், ஒரு கதையும் கேட்கவில்லை. ஒரே ஊரில் ஒருவனுக்கு மட்டும் ராஜாவின் பாராட்டும் சுட்கியின் லட்டும் தினந்தோறும் கிடைத்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்கும் பையன் மனம் என்ன பாடுபடும்? ஒரு நாவலாசிரியனுக்கு அந்த இடத்தில்தான் கதையே ஆரம்பமாகிறது. இவர்களுக்கு அந்த இடத்தில் ஹாஸ்யம் ஆரம்பமாகிறது.

அவன் பெயரைப் பாருங்கள். தமிழ்க் குழந்தைகளுக்கு அது வேடிக்கையான பெயர். 'டப்பா காலியா?' என்று கேட்டு என் மருமகன் தானே சிரித்துக்கொள்வான். ஆனால் ஹிந்தியில் அதற்குக் கறுப்பன் என்று அர்த்தம். காளிங்க மர்த்தனத்தில் வரும் பாம்பின் பெயரல்லவா என்று யாராவது சமாதானம் சொல்லலாம். அந்தப் பாம்பின் பெயரும் கறுப்பிலிருந்து பிறந்ததுதான்; அதன் தலையில் ஏறி ஆடியவனும் கறுப்பன்தான்!

பாரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணன் என்றால் கறுப்பன். திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று பெயர்; கறுப்பி. அர்ஜுனனுக்குள்ள பெயர்களில் கிருஷ்ணன் என்பதும் ஒன்று. இவர்கள் எல்லோரையும் எழுதிய வியாசரே கிருஷ்ண துவைபாயனர். தீவில் பிறந்த கறுப்பர். நாயகனுக்கும் நாயகிக்கும் வழிகாட்டிக்கும் ஆசிரியருக்கும் கறுப்பென்று பெயர் சூட்டிய ஒரே மகா காவியத்திலிருந்து பீமனைக் கடன் வாங்கி வந்து, ஊர்ப் போக்கிரிக்குக் கறுப்பன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் செய்திருப்பார்கள். யோசிக்காமல் செய்வதுதான் நம் நாட்டில் இந்த விஷயத்தில் பழக்கம்.

இதை ஏன் இவ்வளவு உஷ்ணமாகச் சொல்கிறேன் என்றால், என் வீட்டிலேயே ஒரு காரியம் நடந்தது. அடுத்த தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன் மாலை நேரங்களில் என் மருமகனோடு விளையாட வருவான். நல்ல கறுப்பு, வாட்டசாட்டமான உடம்பு, எப்போதும் வெட்கச் சிரிப்பு. ஒரு நாள் அவன் கேட்டைத் திறக்கும்போது என் மருமகன் திண்ணையிலிருந்து கத்தினான்: "மாமா, காலியா வந்துட்டான்!"

நான் சிரித்தேன்.

தொடரைத் தயாரித்தவர்கள் மேல் இந்தப் பழியைப் போட மாட்டேன். கத்தியது என் வீட்டுக் குழந்தை; சிரித்தது நான். எங்கள் வீட்டு நாக்கில் தயாராக இருந்த விஷத்துக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். அந்தப் பையனும் கூடச் சிரித்தான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே போய் அவனுடைய தாயாரிடம் அனுமதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். அவன் நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரை அவன் சுமந்தது போதும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். போகும் வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்து ரதங்களுக்கு முன்னால் இறங்கியதும் என் மருமகன், "பீமன் ரதம் எது மாமா?" என்று ஓடினான். காட்டினேன். வண்டிக் கூண்டு போன்ற நீண்ட வளைந்த கூரை, கீழே சிங்கங்கள் தாங்கும் தூண்கள், வேலை முற்றுப்பெறவில்லை. இந்த ரதத்துக்கும் பீமனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பிற்காலத்தில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பெயருக்கும் பொருளுக்கும் உறவில்லாத பீமன் டோலக்பூருக்கு முன்பே எங்கள் கடற்கரையில் இருக்கிறான்! ஆனால் அந்தக் கல்லை வெட்டிய தச்சன் அதைப் பாரதம் என்று சொல்லி யாரையும் ஏமாற்றவில்லை.

பிறகு கலங்கரை விளக்கத்துப் பக்கம் குன்றேறி, மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போனோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பி செதுக்கியது. அந்தக் காலத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர்களில் எழுத்தறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குழந்தைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பார்த்தவுடன் கதை தெரியவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இன்றைய பொம்மைப் படக்காரருக்கு எவ்வளவு உண்டோ, அந்தச் சிற்பிக்கும் அவ்வளவு இருந்தது.

அவன் என்ன செய்தான்? சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு தேவி வில்லை வளைத்து முன்னேறி வருகிறாள். எதிரே மகிஷன். எருமைத் தலை, மனித உடல். தலையில் கிரீடம், மேலே அரச குடை. இரண்டு கைகளிலும் கதையைப் பிடித்தபடி உடம்பைப் பின்னுக்குச் சாய்க்கிறான்; முகத்தை மட்டும் அவளை நோக்கித் திருப்பியிருக்கிறான். அவன் ஆட்கள் விழுகிறார்கள். அவன் இன்னும் விழவில்லை. விழப் போகிறான் என்பது நமக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்போல் இருக்கிறது. சிற்பி அவனைப் பரிகசிக்கவில்லை. அவனுக்குத் தேவிக்கு ஈடான ஆகிருதியைக் கொடுத்திருக்கிறான். எதிரி பெரியவனாக இருப்பதால்தான் தேவி பெரியவள். பஞ்சுப் பொம்மையை உதைத்தவனுக்கு வீரன் என்று பெயர் உண்டா?

அந்தக் கறுத்த பையன் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "சார், இவன் ராஜாவா?"

"ஆமாம்" என்றேன்.

"கெட்டவன்தானே?"

"கெட்டவன்தான். ராஜாவும்தான்."

அவன் தலையசைத்தான். அந்தப் பதில் அவனுக்குச் சங்கடமாக இருக்கவில்லை. சங்கடமெல்லாம் பெரியவர்களாகிய நமக்குத்தான்.

கீழே இறங்கிப் பெரிய தபசுப் பாறைக்கு வந்தோம். ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்குத் தேவர்களும் நாகர்களும் யானைகளும். அத்தனைக்கும் நடுவே, யானையின் காலடியில், பின்கால்களில் நின்று கைகளை உயரத் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள். மேலே ஒருவன் ஒற்றைக் காலில் நிஜமாகவே தவம் செய்கிறான். கீழே பூனை அதே மாதிரி பாசாங்கு செய்கிறது. இந்தப் பூனையின் கதையும் பாரதத்தில் இருக்கிறது. எது தவம், எது வேஷம் என்று குழந்தையே கண்டுபிடிக்கட்டும் என்று சிற்பி இரண்டையும் ஒரே பாறையில் விட்டுவிட்டுப் போய்விட்டான். பின்னணியில் மேளம் முழக்கி, 'இவன்தான் கெட்டவன்' என்று சொல்லவில்லை. இரண்டு பையன்களும் போட்டி போட்டுக்கொண்டு எலிகளை எண்ணினார்கள். அவர்கள் பேசிக்கொண்டது அப்போதுதான்.

'பொம்மைப் படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? குழந்தை பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடும்' என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. மறந்துவிடுமா? 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். பீமன் சுட்கியை விட்டுவிட்டு இளவரசி இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டான் என்று யாரோ கிளப்பிவிட, குழந்தைப் பருவத்தில் அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் சுட்கிக்கு நீதி வேண்டும் என்று நாடு முழுவதும் குரல் எழுப்பினார்கள். பீமனும் சுட்கியும் இந்துமதியும் இன்னும் குழந்தைகள்தான், யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்று க்ரீன் கோல்ட் ஸ்தாபனமே விளக்கம் சொல்லவேண்டி வந்தது. பாதி வேடிக்கைதான். மற்றப் பாதி என்ன? ஆயுள் முழுவதும் லட்டு சுமந்த ஒரு சிறுமிக்குக் கதையில் வேறு எதுவும் தரப்படவில்லை என்பதை அந்தக் குழந்தைகள் பத்து வருஷங்களுக்கு மேல் மனத்தில் வைத்திருந்தார்கள். நாம் எழுதாமல் விட்ட நியாயத்தையும் குழந்தை கணக்கில் வைத்துக்கொள்கிறது.

ஆகவே, பெரியவரே, 'நம் பீமன்' என்ற பெயருக்காக நான் கைதட்ட மாட்டேன். அன்று தட்டியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தொடரைத் தடை செய்யவேண்டும் என்று கேட்கவில்லை. தடை கேட்கிற எழுத்தாளன் தன் கழுத்துக்கே கயிறு திரிக்கிறான். என் மருமகனும் அதைப் பார்க்கட்டும், சிரிக்கட்டும். ஆனால் அதைப் பாரதம் என்று சொல்லி, நாம் சொல்லவேண்டிய கதையைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

இதில் எங்கள் ஜாதியின் குற்றமும் உண்டு. எழுத்தாளர் ஜாதியைச் சொல்கிறேன். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதில் வேதாளம் ஒவ்வொரு மாதமும் கதையைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கும். யார் செய்தது நியாயம் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுக்கொள்வோம். இன்று நானும் என் நண்பர்களும் பெரியவர்களுக்காகவே எழுதிக் குவிக்கிறோம். குழந்தைக்கு எழுதுவது குறைந்த காரியம் என்ற எண்ணம் எங்களுக்கு. காலி இடத்தில் லட்டு வந்து விழுந்தது என்றால், இடத்தைக் காலியாக வைத்தது யார்?

பஸ்ஸில் திரும்பும்போது ஏகசக்கரத்துக் கதையை அந்த இரண்டு பையன்களுக்கும் சொன்னேன். அதில் ஒரு கட்டத்தை இதுவரை உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். தகப்பனும் தாயும் மகளும் நான் போகிறேன், நான் போகிறேன் என்று அழுதுகொண்டிருக்கும்போது, அந்த வீட்டில் இன்னும் சரியாகப் பேச்சு வராத ஒரு சின்னப் பையன் இருக்கிறான். அவன் ஒவ்வொருவரிடமாகப் போய் அழாதே என்கிறான். பிறகு கீழே கிடந்த ஒரு துரும்பை எடுத்துக்கொண்டு, இதாலேயே அந்த ராட்சசனைக் கொன்றுவிடுகிறேன் என்கிறான். அவ்வளவு துக்கத்திலும் அந்த வீடு சிரித்துவிடுகிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் குந்தி உள்ளே வருகிறாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி; அவன் வல்லவன்கூட இல்லை. லட்டு வராது என்று தெரிந்த வீட்டில் துரும்பை எடுத்தவன் அவன். பாரதத்தில் 'சோட்டா' என்று ஒருவனைக் கூப்பிட வேண்டுமானால் நான் அவனைத்தான் கூப்பிடுவேன்.

கதை முடிவதற்குள் திருக்கழுக்குன்றம் தாண்டிவிட்டது. "அந்தச் சின்னப் பையன் பேரு என்ன சார்?" என்று அடுத்த தெருப் பையன் கேட்டான்.

"வியாசர் பெயர் வைக்கவில்லை" என்றேன்.

என் மருமகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அவன் பக்கம் திரும்பி, அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உன் பேரையே வச்சுக்கலாம்டா" என்றான்.